முரண்டு

இரவுப் பணியில் இரண்டரை மணிக்குமேல்
யாரும் மணி அடிப்பதில்லை,
ஒன்பதாம் அறை பெர்ஸியைத் தவிர.
அவருக்கும் வேண்டியது ஒன்றுமில்லை,
ஆள் இருக்கிறதா என்று பார்க்கிறார்.
இருக்கிறேன் என்கிறேன். சரி என்கிறார்.

மருந்து வண்டியின்மேல் மடிக்கணினியை வைத்துப் படிக்கிறேன்.
முதியோர் செவிலியம், முதுநிலைப் பட்டயம்,
இரண்டாம் பருவம், மூன்றாம் பாடம்.
வயது ஐம்பத்தொன்று.
வகுப்பில் என் மகன் வயதுப் பிள்ளைகள்
அடிலெய்டிலிருந்து திரையில் கையசைக்கிறார்கள்.
உங்கள் வீட்டுக்குப் பின்னால் அது என்ன, கேட்டாள் ஒருத்தி.
உருக்காலை என்றேன்.
வயாலாவில் சன்னலைத் திறந்தால்
சிவப்புத் தூசி வந்து விசைப்பலகையில் உட்காரும்,
கட்டணம் கட்டாத மாணவன் மாதிரி.

சேரும்போது படிவம் கேட்டது:
ஏன் இந்தப் படிப்பு? நூற்றைம்பது சொற்களுக்குள்.
தொழில் முன்னேற்றம் என்று எழுதினேன்.
மணிக்கு நான்கு டாலர் கூடும், அதுவும் பொய்யில்லை.

இன்றைய பாடம், சொல்ல முடியாதவர்களின் வலி.
வலிக்கிறது என்று வாய் திறக்காதவரிடம்
எதைப் பார்க்க வேண்டும்,
ஒரு பட்டியல் கொடுத்திருக்கிறார்கள்.
நெற்றிச் சுருக்கம்.
இறுக மூடிய கை.
தொட்டால் தள்ளிவிடுதல்.
குளிப்பாட்டும்போது மட்டும் வரும் கத்தல்.

பட்டியலை நான் முடிக்கவில்லை.
அது தெல்மா குவாட்லிங்.
பன்னிரண்டு வருடத்துக்கு முந்திய ஆகஸ்ட்,
வெள்ளி, சனி, ஞாயிறு.
என் மணிக்கட்டில் அவர் நகம் பதிந்தது.
மூன்று நாளும் பதிவேட்டில் நான் எழுதியது
முரண்டு.
முரண்டு.
முரண்டு, அதிகம்.
அழகான கையெழுத்து, கோடு பிசகாமல்.
திங்கட்கிழமை படம் எடுத்தார்கள்.
இடுப்பெலும்பு, இரண்டாக.

யாரும் என்னைத் திட்டவில்லை.
அவர் மகள் எனக்கு ஒரு டப்பா பிஸ்கட் கொடுத்தாள்.

கட்டுரைக்கு இரண்டாயிரம் சொற்கள்.
சொல்வதற்கெல்லாம் சான்று காட்ட வேண்டும்,
ஆசிரியர் பெயர், ஆண்டு, பக்க எண்.
குவாட்லிங், தெ. என்று அடித்தேன்.
ஆண்டைப் போட்டேன்.
பக்கத்துக்கான இடத்தில் கர்சர் துடித்துக்கொண்டிருந்தது.
அழித்துவிட்டேன்.
நோயாளி பெயர் வெளியே வரக் கூடாது,
அது முதல் பருவப் பாடம், அறுபத்தெட்டு மதிப்பெண்.

நான்கு மணிக்குப் பதினான்காம் அறையில்
டிராகோ மறுபடி கை ஓங்கினார்.
ஆங்கிலம் அவரை விட்டுப் போய் ஒரு வருடமாகிறது,
குரோவேஷிய வசவு மட்டும் ஒன்றும் குறையவில்லை.
வாங்கிக்கொண்டே நின்றேன்.
இடப்பக்கம் புரட்டினால் மட்டும் வசவு.
வலப்பக்கம் என்றால் இல்லை.
போர்வையை விலக்கி இடது முழங்காலைத் தொட்டேன்,
இப்போதுதான் அடுப்பிலிருந்து இறக்கிய மாதிரி.

பதிவேட்டில் பகல் பணிக்காரர் எழுதியிருந்தார்,
அந்தச் சொல்லைத்தான்.
அதன் கீழே மணியும் முழங்காலும் சூடும் எழுதினேன்,
வளவளவென்று, ஏழு வரி.
மருத்துவரைத் தொலைபேசியில் எழுப்பினேன்.
இந்த நேரத்திலா என்று கத்தினார்.

கத்தட்டும்.
கட்டுரை நானூற்றுப் பன்னிரண்டு சொல்லில் நிற்கிறது,
வெள்ளிக்கிழமை கடைசி நாள்.