உப்பு – 1

செவ்வாய்க்கிழமை மூத்தோருக்கு இரண்டு விழுக்காடு குறையும்.
அதனால் ஈசூனில் எங்கள் புளோக்குக் கிழங்கள் எல்லாருக்கும்
செவ்வாயன்றுதான் பசி எடுக்கும்.

முப்பத்து மூன்று வருடம் கொசு பிடித்தேன், அரசாங்கத்துக்கு.
பிடித்தேன் என்றால் பிடிக்கவில்லை.
பூச்சட்டித் தட்டுகளில்,
துணி காயப்போடும் மூங்கில் செருகும் குழாய்களில்
டார்ச் அடித்து
நெளியும் புழுக்களை எண்ணி எழுதினேன்.
அந்தக் கண்தான் இப்போதும்.
டின்னைக் கவிழ்த்து அடியில் தேதி பார்க்கும்.
இரண்டு வாங்கினால் மூன்று வெள்ளி என்று
மஞ்சள் அட்டை கத்தும்போது
ஒன்று வாங்கினால் ஒன்று நாற்பத்தைந்து என்று
கீழே முணுமுணுக்கும் பொடி எழுத்தைப் படிக்கும்.

அந்தப் படிவம் வந்த வருடம் எனக்குத் தலை நிறைய முடி.
இரண்டு கட்டங்கள்.
ஒன்றில் சேமநிதி: சேர்வதெல்லாம் உன் பெயரில்.
மற்றதில் ஓய்வூதியம்: மூச்சு உள்ளவரை, மாதாமாதம்.
கிம் லெங் முதல் கட்டத்தில் கோடு போட்டான்.
"ஓய்வு பெற்ற மறுமாதமே நீ போய்விட்டால்?" என்றான்.
"போகாவிட்டால்?" என்றேன்,
அவனிடமே பேனாவை வாங்கி.

இன்றும் காப்பிக்கடையில் கண்டால் மலாயில் கேட்பான்,
இன்னும் ஜெயித்துக்கொண்டா இருக்கிறாய் என்று.
அவன் பணத்தில் பாதி
ஜூரோங்கில் மகன் வீட்டுச் சுவராக நிற்கிறது.
என்னுடையது மாதாமாதம் புதிதாய்ப் பிறந்து
மின்கட்டணம், மீன், மருந்தகம் என்று அலைந்து
இருபதாம் தேதிக்குள் கிழடாகிவிடுகிறது.

மரகதவல்லி வேலைக்குப் போனதில்லை என்று
எந்தப் படிவத்திலும் எழுதிவிடலாம்.
அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் ஏழு பேரைப் பார்த்து வளர்த்தாள்.
அதற்குக் கட்டம் இல்லை.

போன வாரம் சீனி தேடப்போய்
மேல்தட்டில் இரண்டு உப்பு ஜாடி கண்டேன்.
ஒன்றில் சோடியம் குறைந்தது. விலை கூடியது.
மற்றது எழுபது காசு உப்பு.
"எதுக்கு ரெண்டு?"
"அது உங்களுக்கு. இது எனக்கு."
"ஏன்?"
ஆய்ந்த கீரையிலிருந்து அவள் கண்ணெடுக்கவில்லை.
"பென்ஷன் யாருக்கு வருது?"

அதை மென்று விழுங்க மூன்று நாள் ஆனது.
இரண்டு சட்டியில் ரசம் கொதித்திருக்கிறது,
எத்தனை வருடமாகவோ,
கூடத்தில் நான் நாலு நம்பர் முடிவு பார்த்துக்கொண்டிருக்க.
தேங்கிய தண்ணீரையெல்லாம் பார்த்த கண்.

என் உயிர் இந்த வீட்டின் வரவு.
அவள் உயிரைச் செலவுப் பக்கத்தில் எழுதிவைத்திருக்கிறாள்,
அவள் கையெழுத்திலேயே.

நேற்று அவள் கோவிலுக்குப் போன நேரம்
எழுபது காசு உப்பைத் தொட்டியில் கொட்டி
ஒரே பாக்கெட்டிலிருந்து இரண்டு ஜாடியும் நிரப்பினேன்.
ராத்திரி, முதல் வாய்.
நிறுத்தினாள்.
அந்த உப்பு லேசாய்க் கைக்கும். எனக்குத் தெரியும்.
புழு நெளியும் தட்டைக் காலால் மறைத்தபடி நிற்கும்
வீட்டுக்காரர்களை நான் பார்ப்பேனே,
அப்படிப் பார்த்தாள்.
பிறகு இன்னொரு கரண்டி ரசம் ஊற்றிக்கொண்டாள்.

குளிர்பெட்டிக் கதவில், காலண்டர் தாளின் பின்பக்கம்,
செவ்வாய்க்கிழமைப் பட்டியல்.
தேங்காய்ப்பால், பருப்பு, சோப்பு.
கடைசியில், உப்பு – 1.
எந்த உப்பு என்று எழுதவில்லை.

பேனா எடுத்தேன்.
அந்த ஒன்றின் பக்கத்தில் இன்னொரு கோடு போட்டேன்.
பதினொன்று என்று படித்துத் தொலைக்கப்போகிறாள்.