விட்டகுறை, ஒன்பது மாதம்

பதிவாளர் அலுவலகத்தில் இருபதே நிமிடம்.
வல்டெமார் ஒரு கையெழுத்து, நான் ஒரு கையெழுத்து.
பேனா என்னுடையது. திருப்பித் தரவில்லை அவன்.
பதினெட்டு வருஷம் முடிந்தது.
சேத்தூபல் துறைமுகக் காற்றில் நின்று
ஆளுக்கொரு காப்பி குடித்தோம்,
அவரவர் காசில்.

பேக்கேஜ் மட்டும் முடியவில்லை.

வீட்டு இணையம், நூற்றெண்பது சேனல்
(இரண்டு வேட்டைக்காரர்களுக்கு, அவன் கேட்டு வாங்கியவை),
யாரும் எடுக்காத ஒரு தரைவழித் தொலைபேசி,
நாலு சிம்.
எனக்கொன்று, யொலாந்தாவுக்கொன்று, அவனுக்கொன்று.
நாலாவது உறை பிரியாமல்
கரண்டி டிராயரில் கிடக்கிறது.
அடுத்த மாதம் மாற்றிக்கொள்கிறேன் என்றான்.
அடுத்த மாதம் என்றால் எந்த மாதம் என்று
நானும் கேட்கவில்லை.
இருபத்துநாலு மாதம் கம்பெனியை விட்டுப் போக முடியாது.
போர்த்துகீசில் அதற்கு ஒரு பெயர் உண்டு:
விசுவாசக் காலம்.
கல்யாணத்தில்கூட யாரும் என்னிடம்
இவ்வளவு பொடி எழுத்தில் அதைக் கேட்டதில்லை.

ஜூன் மாத பில்.
வழக்கமாக அறுபத்திரண்டு நாற்பது.
இந்த முறை நூற்று மூன்று ஐம்பத்தேழு.

பஸ் டிப்போவில் இரவுப்பணி முடித்து வந்தவள்
சட்டைகூட மாற்றாமல்
ஒவ்வொரு வரியாக விரலை இறக்கினேன்.
ரோமிங். சுவிட்சர்லாந்து. ஆறாம் தேதி,
காலை ஐந்து பன்னிரண்டு.

எனக்கு யாரும் சொல்லவில்லை.
மகளுக்கும் தெரியாது.
பில்லுக்குத் தெரிந்திருக்கிறது.
எல்லை தாண்டும்போது டேட்டாவை அணைக்க மறந்திருக்கிறான்.
அடுப்பை, குழாயை, விளக்கை அணைத்தவனா என்ன?

ஒன்றை அழுத்தினேன், மூன்றை அழுத்தினேன்,
மறுபடி மூன்று.
முப்பத்துநாலு நிமிடம் ஒரே புல்லாங்குழல்.
பிறகு டெல்மு என்றொரு பையனின் குரல்,
இன்றைக்கு உங்களை எப்படி மகிழ்விக்கலாம் என்றது.

ஓர் எண்ணைக் கழற்ற வேண்டும் என்றேன்.
கழற்றலாம் மேடம்,
ஆனால் ஒப்பந்தம் புதிதாகத் தொடங்கும்,
முதல் மாதத்திலிருந்து.
மொத்தமாக வெட்டினால்?
அபராதம் இருநூற்றுப் பன்னிரண்டு.
இருக்கிறபடி விட்டால்?
ஒன்பது மாதம்தான் மேடம், ஓடிவிடும்.
கூடவே, வேட்டைச் சேனல் மூன்றாவது ஒன்று
இலவசமாகத் தரவா என்றான்.

ரோமிங்கையாவது மூடு என்றேன்.
மூடினால் அந்த எண்ணுக்கு என்ன போகும்?
ஒரு குறுஞ்செய்தி, மேடம்:
"கணக்குடையவரின் வேண்டுகோளின்படி."

கணக்குடையவர்.
இத்தனை வருஷத்தில் எனக்குக் கிடைத்த ஒரே பட்டம்.

அப்போதுதான் தோன்றியது,
எங்கோ பாஷை தெரியாத ஒரு தெருவில்
போனில் வரைபடத்தைத் தலைகீழாகப் பிடித்தபடி
அவன் அறை தேடிக்கொண்டிருப்பான்.
லிஸ்பனிலேயே வழி தவறுகிறவன்.

இருக்கிறீர்களா மேடம் என்றான் டெல்மு.
திங்கட்கிழமை மூடு என்றேன்.
இன்று வியாழன்தானே மேடம், இப்போதே மூடலாமே.
தெரியும். திங்கட்கிழமை.

யொலாந்தா அறையிலிருந்து கத்தினாள்:
யாரோடு வேண்டுமானாலும் சண்டை போடு,
வைஃபையை மட்டும் நிறுத்திவிடாதே, நாளைக்குப் பரீட்சை.

ஞாயிறு இரவு என் வங்கிக் கணக்கில்
நாற்பத்தொரு யூரோ பதினேழு சென்ட்.
ஆப்பில் அவனுக்கும் பில் தெரிகிறது,
எனக்குத்தான் அது தோன்றவில்லை.
குறிப்பு எழுதும் கட்டத்தில்:
"பேனாவும் என்னிடம்தான்."

பிப்ரவரி பன்னிரண்டைச் சிவப்பில் வட்டமிட்டேன்.
அதற்குள் எழுதிக் கொடுக்காவிட்டால்
தானாகவே இன்னும் இருபத்துநாலு மாத விசுவாசம்.

திங்கட்கிழமை ஆப்பைத் திறந்தேன்.
அவன் எண்ணுக்கு நேரே சுழியம்.
சரி, வேறு சிம் வாங்கியிருப்பான்,
அறை கிடைத்திருக்கும், அங்கே வைஃபை இருக்கும்.

செவ்வாயும் திறந்து பார்த்தேன்.