பிரித்தெழுதுக

பிளஃப் முனையில் ரயில் வந்து நின்றதும்
"வால்!" என்று கத்தினான் இங்வால்.
நான் வாலைத் தேடி ஓடினேன்.
நார்வேக்காரன் பேச்சில் வால் என்றால்
முழுத் திமிங்கிலமாம்.

எண்ணெய் ஒல்யெ.
பள்ளிக்கூடப் பழக்கம், புணர்த்தி எழுதினேன்:
வாலொல்யெ.
"மூட்டு எங்கே? கத்தி எங்கே வைப்பது?" என்றான்.
"முதல் துண்டில் ஏறி மிதி.
மிச்சம் தானாகச் சரியும்."

கொதிகலன் பார்க்கும் ஏழுமலையையும்
அப்படித்தான் கூப்பிட்டான்.
ழகரம் வராது அவனுக்கு.
ஏளு, நீராவி இரைச்சலுக்கு மேலே.
மலை, காற்றோடு கடலுக்குள்.

நான் கணக்கில் ஏழு பீப்பாய் எழுதினேன்.
உருக்கியது நான்கு.

சனிக்கிழமை மேலாளர்
மிச்ச மூன்றைக் கேட்டார்.
கத்தியைத் துடைத்தபடி
இங்வால் தோளைக் குலுக்கினான்.
பெயர்தானே சொன்னேன் என்றான்.
அது உண்மைதான்.
எழுதியது நான்,
பிடித்தது ஏழுமலை கூலியில்.

கிளேர்வுட் பஸ்ஸில் முன்சீட்டில் அவன்.
தலைமுடியெல்லாம் கொழுப்பு நாற்றம்.
பின்பாதியை அழுத்திக் கூப்பிட்டுப் பார்க்கிறேன்:
மலை. ஏ, மலை.

திரும்பவில்லை.
இன்னும் மூன்று வாரம் பிடிப்பார்கள்.