விரலுக்கேற்ற வீக்கம்

பஹாவ் பஸ் நிலையத்துக்குப் பின்னால்
டயர் கடைச் சுவர் முழுக்க
வட்டம் வட்டமாய்த் தொங்குகின்றன
என் காருக்கு இன்னும் வாய்க்காத கால்கள்.
ஐந்து கம்பி. பத்துக் கம்பி.
சிலந்தி வலைபோல் பின்னியது ஒன்று.
"அதக் கழுவ ஒரு மணி நேரம் ஆகும்"
என்கிறான் வெய் ஹாவ்.
நேர்மையான ஆள்,
அல்லது அது ஏற்கெனவே யாருக்கோ போய்விட்டது.

என் மைவிக்கு ஒன்பது வயது.
கம்பெனி போட்ட இரும்பு ரிம்,
அதன்மேல் பிளாஸ்டிக் மூடி.
நாலில் ஒன்று செர்த்திங் பாலத்தருகே
லாலாங் புல்லுக்குள் உருண்டு போய் இரண்டு வருடம்.
மூன்று மூடியோடு வருவது யாரென்று
ஆலைக் காவலருக்கு விளக்கில்லாமலே தெரியும்.

செம்பனை ஆலையில்
நான் எடை மேடைக் குமாஸ்தா.
குலையோடு வரும் லோரி, குலையின்றிப் போகும் லோரி;
எனக்கு ஒவ்வொரு வண்டியும்
ஒரு கழித்தல் கணக்கு.
சீட்டு எடுத்த இந்த மாதம்
ஒரு தடவை கூட்டிப் பார்க்க வந்திருக்கிறேன்.

"பின்னால றெக்கை?"
வேண்டாம், நான் பறப்பது தொண்ணூறில்.
"கீழ ஸ்கர்ட்?"
எங்கள் செம்மண் பாதை அதை
முதல் வாரமே கிழித்துவிடும்.
"கறுப்பு ரிம் எடு, பிரேக் தூசி தெரியாது."
தெரியாமல் இருக்கவா
ஆயிரத்து எண்ணூறு ரிங்கிட்?

வெண்கல நிறம்.
வெள்ளைக் காருக்கு வெண்கலம்.
வீட்டிலிருந்து கிளம்பும்போதே முடிவு.

வெண்கலம் பதினாறு அங்குலத்தில்தான் இருக்கிறது.
பதினைந்தில் சாம்பல்.

ஒரு பக்கம் மட்டும் மாட்டிப் பார்த்தோம்.
வெய் ஹாவ் குந்தி உட்கார்ந்து
டயருக்கும் தகரத்துக்கும் நடுவே விரலை விட்டான்.
"ரெண்டு விரல். வெளியயும் நீட்டல, சம்மன் வராது.
பின்னால யாரு உட்காருவா?"

போன் செய்தேன்.
ஞாயிற்றுச் சந்தையிலிருந்து
கீரைக்கட்டோடு வந்தார்கள் என் இரவு ஷிப்ட்டு.
முன்னால் எப்போதும்போல் ரொஹானா.
பின்னால் தங்கேஸ்வரி, யோகம்பிகை,
நடுவில் ஆய்வகத்து இளவேனில்,
மடியில் நாலு கிலோ மரவள்ளி.

தங்கேஸ்வரி ஏறியதும் ஒன்றரை விரல்.
யோகம்பிகைக்கு ஒரு விரல்.
இளவேனில் கதவைச் சாத்தியபோது
வெய் ஹாவ் சுண்டு விரலை நீட்டி
என்னைப் பார்த்தான்.

"கிழங்க எறக்கிட்டுப் பாரேன்"
என்றாள் தங்கேஸ்வரி.

விரலுக்கேற்ற வீக்கம் என்று சொன்னவர்
எந்த விரலை வைத்து அளந்தாரோ.
சாம்பல்தான் புத்தி.
சாம்பலில் இடம் உண்டு, இருநூறு ரிங்கிட் மிச்சமும் உண்டு.
சாம்பலைக் கையில் தூக்கிக்கூடப் பார்த்தேன்.

கடைக் கண்ணாடியில் கார் தெரிந்தது:
ஒரு பக்கம் வெண்கலம்,
உள்ளே நாலு தலை,
எல்லாம் என் பக்கமே திரும்பி.
"ஏன் நிக்கிற? எடு" என்றாள் ரொஹானா,
எடுப்பது தன் காசு மாதிரி.

எடுத்தேன்.

மறுநாள் லோரி வராத நேரத்தில்
காரை எடை மேடையில் ஏற்றினேன்.
பத்துப் பத்தாகத்தான் காட்டும் இயந்திரம்,
பழைய இரும்புக்குக் காட்டிய அதே எண்ணைக் காட்டியது.
ஆயிரத்து எண்ணூறு ரிங்கிட்டுக்கு
ஒரு கிலோ இல்லை.
ரசீதை அடித்து
கைப்பையில் வைத்துக்கொண்டேன்.

இப்போது இரவு பத்தரைக்கு
ஆலை வாசல் மேடு நெருங்கும்போது
"மேடு!" என்று ரொஹானா குரல் கொடுப்பாள்.
பின்னால் மூன்று பேரும்
மேல் கைப்பிடியைப் பிடித்து
சீட்டிலிருந்து நாலு விரல் எழும்புவார்கள்,
மூச்சையும் பிடித்துக்கொண்டு.

சில நாள் உரசாது.
உரசும் நாளில்
யார் புட்டு தின்றது என்று
பஞ்ச் கார்டு அடிக்கும் வரைக்கும் விசாரணை.