ஒறம்பரை, நாற்பத்து மூன்று இடங்களில்

வெள்ளகோவில் பேருந்து நிலையத்துக்குப் பின்னால்
என் டி.டி.பி. கடை.
ஜாதகம், கிரயப் பத்திரம், காதுகுத்துப் பத்திரிகை,
காணாமல் போன எருமைக்கு ஒரு நோட்டீஸ்.
அங்கேதான் தெய்வாத்தாள் தன் நாவலைக் கொண்டுவந்தார்,
மின்வாரியத்தின் பழைய கணக்கீட்டுத் தாள்களின்
முதுகில் எழுதி.
பக்கத்துக்குப் பதினெட்டு ரூபாய்.

முதல் வரி:
"மதியத்தில் ஊர் உறங்கிக்கொண்டிருந்தது."
அடித்துக் கொடுத்தேன்.
மறுநாளே வந்துவிட்டார்.
"உறங்கிக்கொண்டிருந்தது வேண்டாமுங்க தம்பி.
நான் ரீடிங் எடுக்கப் போற நேரம் அதுதான்.
ஒரு வீட்டு மீட்டரும் நின்னு பார்த்ததில்ல."
அசந்திருந்தது என்று போடச் சொன்னார்.
போட்டுவிட்டுத் திரும்பப் படித்தேன்.
பஞ்சர் கடை அத்தப்பன்
ஒற்றைக் கண்ணைத் திறந்து
ஓர் ஈயை விரட்டினான்.

பிறகு ஓணானை எடுத்துவிட்டு ஒடக்கானை வைத்தார்.
கிளுவை வேலியில் அது தலையாட்டத் தொடங்கியது.
மாலை போய்ப் பொழுதோட வந்ததும்
தேங்காய்க் களத்திலிருந்து ஆட்கள் இறங்கினார்கள்,
சாக்கை உதறி, பீடிக்குத் தீ கேட்டு,
பழமை பேசிக்கொண்டு.
கொல்லைப்புறம் என்றிருந்தவரை
சாமியாத்தாளுக்கு அழ இடமில்லை.
பொடக்காளி என்று திருத்தியதும் நேராகப் போய்
துவைக்கிற கல்லில் உட்கார்ந்தாள்.
எட்டாம் பக்கத்திலிருந்து
அடக்கி வைத்திருந்த அழுகை.

என் கணினிக்கு இதெல்லாம் பிழை.
ஊர் முழுக்கச் சிவப்புக் கோடு நெளிந்தது,
களத்தில் மிளகாய்ப்பழம் காயப்போட்டது மாதிரி.

சென்னையிலிருந்து பதிப்பாளர் போன் செய்தார்.
"ஒறம்பரைன்னா யாருக்குங்க புரியும்?
உறவினர்னு மாத்திடுங்க."
தெய்வாத்தாளிடம் கேட்கவில்லை நான்.
அனைத்தையும் மாற்று. ஒரே தட்டு.
நாற்பத்து மூன்று இடங்கள்.

ஏழாம் அத்தியாயத்தில்
உறவினர்கள் வந்தார்கள். அமர்ந்தார்கள்.
ஒரு சொம்புத் தண்ணி வரவில்லை.
கோழி பிடிக்க யாரும் ஓடவில்லை,
அது பாட்டுக்குப் பக்கத்தைக் குறுக்கே கடந்து போனது.
நாச்சிமுத்து தன் தங்கை மாப்பிள்ளையிடம்
சீர் பாத்திரம் குறைந்த கதையை
வீட்டு வரி ரசீது வாசிப்பது போலச் சொன்னார்,
அவரும் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார்.
அந்த வீட்டை விட்டு எழுந்து போகலாமா என்று
எனக்கே இருந்தது.

கன்ட்ரோல் இசட்.
செருப்பை வாசலில் உதறி
அத்தனை பேரும் சத்தத்தோடு திரும்பி வந்தார்கள்.
பழைய சீர் சண்டையும் கூடவே வந்தது.
கோழிதான் பாவம்.

கடைசிப் பக்கத்தில் ஓர் இடம் இன்னும் காலி.
மழையில் நனைந்துவிட்ட தேங்காய்ப் பருப்பு
மூணாம் நாள் அடிக்கிற வாடைக்கு
அவருக்குச் சொல் அகப்படவில்லை.
"எட்டுப் புள்ளி வச்சு உடுங்க கண்ணு,
ரோசிச்சுச் சொல்றேன்."

நேற்றும் தூறல்.
களத்துப் பக்கம் தார்ப்பாய் இழுக்கிற கூச்சல்.
பஸ்ஸுக்கு நின்ற ஒருத்தி
முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு
இடுப்புக் குழந்தையிடம்
என்னமோ ஒரு சொல் சொன்னாள்.
முத்தூர் வண்டியின் ஹாரன் அதைத் தின்றுவிட்டது.

ஷட்டரைப் பாதிக்கு இறக்கிவிட்டு
அவள் ஏறிய வண்டியில்
நானும் தொற்றிக்கொண்டேன்.