அரைப்பேர்

ஹட்டனில், பேக்கரிக்கு மேல்மாடியில்
மூன்று மேசை, ஒரு ரவுட்டர்.
ஜன்னலைத் திறந்தால் மேகம் உள்ளே வந்து
கீபோர்டில் உட்காரும்.

நேற்று லின்டரில் ஒரு விதி ஏற்றினேன்.
இனி, பொருளில்லாத டைப்பை எவர் எழுதினாலும்
கீழே மஞ்சள் நெளியும்.
சேமித்த மறுகணம்
எங்கள் நிரல் முழுக்கப் புழு.

பெரும்பாலும் சில்லறைக் குற்றங்கள்:
கிலோ, அது நம்பர், அது பதினெட்டு என்று ஒரு வரி.
பதினெட்டைப் பார்த்தால் தெரியாதா?
அரைஞாண் கயிறு என்கிறோமே, அதைப்போல.
ஞாண் என்றாலே கயிறு.
அறுத்துக்கொண்டே போனேன்,
நூற்றுப் பன்னிரண்டு கயிறுகள்.
பிளேன்டீ ஆறிப்போனது.

பிறகு அந்த வரி.
பேர் என்கிற கட்டத்துக்கு
ஸ்ட்ரிங் அல்லது நம்பர் அல்லது எனி.
எழுதியவன் கொழும்பிலிருக்கும் கவிஷ்க.
எனி இருக்கிற இடத்தில்
மற்ற இரண்டும் வெறும் அலங்காரம் என்றது லின்டர்.
எவரையும் விடுகிற கதவுக்கு
இரண்டு காவலாளிகள் எதற்கு?

அழைத்துக் கேட்டேன்.
"பேர் ஸ்ட்ரிங்தானே அக்கா,
ஆனால் டிக்கோயா டேட்டாவில்
சிலருடைய பேர் அரை என்று வருகிறது.
ஏதோ பிழை.
எனி போட்டேன், சத்தம் நின்றது."

பிழையில்லை, கவிஷ்க.
மலையில் பேர் என்றால் ஒரு நாள்.
சொன்ன கிலோ பறித்தால் பேர் விழும்,
இரண்டு கிலோ குறைந்தால் அரைப்பேர்.
நானூற்றுப் பதினேழாம் இலக்கத்தைப் பார்,
என் அம்மா.
தங்கபுஷ்பம் என்று முழுதாக மலையேறி
அரைப்பேரோடு இறங்கியது
இந்த மாதம் மட்டும் ஆறு தடவை.

கொஞ்ச நேரம்
லைனில் மழை மட்டும்.

எனியை அழித்தேன். ஸ்ட்ரிங்கை அழித்தேன்.
நம்பரும் அதிகம்தான்,
எந்தத் தோட்டமும் முக்கால் பேர் தந்ததில்லை.
மிஞ்சியது:
பூச்சியம், அரை, ஒன்று,
ஞாயிற்றுக்கிழமைக்கு ஒன்றரை.

மஞ்சள் அடங்கியது.
இவ்வளவு துல்லியமாக
இவ்வளவு குறைவாக
நான் எதையும் எழுதியதில்லை.

கட்டத்தின் பேரை மாற்றிவிடலாமா,
'வருகை' என்று வைத்தால்
யாருக்கும் குழப்பம் வராதே என்றான் கவிஷ்க.
நியாயம்தான்.
லின்டரிடம் இதற்கு விதி ஏதும் இல்லை.

மாற்றவில்லை.
அடுத்து வருகிறவரும் தடுக்கி விழட்டும்,
எழுந்து, யாரையாவது அழைத்து,
ஒரு பேர் எப்படி அரையாகும் என்று
கேட்கட்டும்.