மழைச்சாரல் தடுப்பு

ஏழு கிலோவுக்கு மேல் எதுவும் வேண்டாம்
என்றது கம்பெனி.
பெட்டிக்கு மட்டுமல்ல, கட்டடத்துக்கும்.

ஏறுபாலம் வேண்டாம், படிக்கட்டு போதும்.
மாடியே வேண்டாம்.
நாற்காலி குறைந்தால்
கடைப்பக்கம் போய் நிற்பார்கள்.
இருபத்தைந்து நிமிஷத்தில்
இறக்கி, பெருக்கி, ஏற்றிக் கிளப்ப வேண்டும்.
ஒரு தகரக் கூரை, இரண்டு வாசல்.
"காசிமேட்டு ஏலக்கூடம் மாதிரி" என்றேன்.
சிரிக்காமல் எழுதிக்கொண்டார்கள்.

இடம்: அத்திப்பட்டுக்கு அப்பால்
உப்பளம் செத்த தரை.
மலிவு. ஏன் மலிவு என்று
காலை வைத்தால் தெரியும்,
கணுக்கால் வரை சாம்பல்
அதற்கும் கீழே பழைய கடல்.
கருவியை நட்டுக் கண்ணை வைத்தால்
வானத்தில் முன்பே பட்டா வாங்கிவிட்ட
அனல்மின் புகைபோக்கிகள்.
ஓடுபாதையை ஏழு டிகிரி திருப்பினேன்.
கூழைக்கடாக்கள்.
இன்னும் நாலு.
கொடுங்கையூர்க் குப்பைக்குப் போய்த் திரும்பும் பருந்துகள்.

அளவுகோலைப் பிடித்து நின்றவன் தேசிங்கு.
மஸ்கட்டில் வெல்டிங், இரண்டு மாச லீவு.
"எண்ணூர்லேர்ந்து மீனம்பாக்கத்துக்குக்
குட்டியானை வாடகை தெரியுமா மேடம்?
அந்தக் காசுக்கு பிளேன்ல பெங்களூரே போலாம்."
"குட்டியானை எதுக்கு?"
"பதினாலு பேரு போனோம்ல."
"பிளேன்ல?"
"நான் ஒருத்தன்."

மிச்சம் பதிமூன்று பேருக்குக்
கணக்குத்தாளில் கட்டம் இல்லை.
டிக்கெட் வாங்காதவர்கள், காபி வாங்காதவர்கள்,
கண்ணாடிக் கதவில் மூக்கை அழுத்தித்
துடைக்கிற செலவை ஏற்றுபவர்கள்.

ஒரு கூடம் வரைந்தேன்.
சதுர அடிக்கு வருமானம் என்ன என்று அடித்தார்கள்.
புங்கமரம் வரைந்தேன்.
மரம் இருந்தால் பறவை வரும் என்றார்கள்,
பறவைகளைப் பார்க்காதவர்கள்.
மூன்றாம் முறை
கூரையை வாசலுக்கு வெளியே
பன்னிரண்டு அடி இழுத்துவிட்டு
ஓரத்தில் பொடி எழுத்தில் போட்டேன்:
மழைச்சாரல் தடுப்பு.
ஒப்புதல் ஆனது.

கோப்பு டெல்லியில் இருக்கிறது.
புகைபோக்கிகள் அத்திப்பட்டில் இருக்கின்றன.
எது முதலில் நகரும் என்று
என்னைக் கேட்காதீர்கள்.

போன வியாழன் ராத்திரி தேசிங்கு கிளம்பினான்.
குட்டியானையில் பதினைந்தாவது ஆளாக
நானும் ஏறினேன்.
மீனம்பாக்கத்தில் நல்ல சாரல்.
அவன் உள்ளே போன பிறகும்
யாரும் நகரவில்லை.
அவன் மனைவி பத்மாவதி
குழந்தையின் கையைத் தூக்கி
எந்தப் பக்கம் என்று தெரியாமல்
எல்லாப் பக்கமும் ஆட்டினாள்.

சுவரிலிருந்து அடிமேல் அடிவைத்து எண்ணினேன்.
பன்னிரண்டில் நாலு பேர் நனைந்தார்கள்.

பதினாறு
என்று உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன்.